மூன்று நிமிடத்தில் எத்தனை அவர்களே

உட்காருங்கள் ஐயா, தாராளமாக உட்காருங்கள். இந்தப் பலகை நகராட்சியுடையது, பொதுச்சொத்து. ஒன்பதாம் எண் பேருந்துக்குத்தானே நிற்கிறீர்கள்? வரும். இந்த ஊரில் எது வராவிட்டாலும் ஒன்பதாம் எண் வரும். ஏன் வருகிறது என்று கேளுங்கள். கேட்கமாட்டீர்களா? சரி, நானே சொல்கிறேன். என்னால் வருகிறது.

சிரிக்காதீர்கள். எப்படித் தமிழர் என்று கண்டுபிடித்தேன் என்றா பார்க்கிறீர்கள்? கையிலே ஜவுளிக்கடைப் பை. பனிக்கோட்டு போட்டாலும் அந்தப் பையை விடமாட்டோம். எந்த ஊர் உங்களுக்கு? மன்னார்குடியா! நல்ல ஊர். அங்கே ஒருமுறை பேசியிருக்கிறேன். மழை கொட்டிக் கூட்டம் கலைந்துவிட்டது. நான் கலையவில்லை. முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினேன். மைக்செட்காரர் மட்டும் இருந்தார், அவருக்கும் வாடகை பாக்கி இருந்ததால். வேலை என்ன பார்த்தீர்கள்? வங்கி மேலாளரா? ஓகோ. நிர்வாகத் தரப்பு. பரவாயில்லை, இந்த நாட்டுக்கு வந்தபிறகு நீங்களும் நானும் ஒரே வர்க்கம். கார் ஓட்டத் தெரியாத வர்க்கம்.

நான் சூலக்கல் குமரேசன். கேள்விப்பட்டதில்லையா? உடுமலைப் பக்கம் எந்த நூற்பாலை வாசலிலும் போய்க் கேளுங்கள். ஆலை இருந்தால் சொல்வார்கள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் துண்டறிக்கை. டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த துண்டறிக்கையைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படித்தவன் நான். அதனால்தான் என் பேச்சு எழுதி வைத்தது போல இருக்கும். என்னோடு உண்ணாவிரதம் இருந்த இரண்டு பேர் பிறகு மந்திரியானார்கள். எனக்கு வயிற்றுப்புண் வந்தது. இருவரும் சிலை வைக்கிற அளவுக்கு வளர்ந்தார்கள். நான் என் மகள் வெண்மணி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் இங்கே மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறாள். கெட்டிக்காரி. என் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது, அதை என்மேலேயே பயன்படுத்துகிறாள்.

அதோ, எதிரில் பச்சைப் பலகை போட்ட மளிகைக்கடை தெரிகிறதா? என் மனைவி உள்ளே போயிருக்கிறாள். கொத்தமல்லிக் கட்டு வாங்க. லேசில் வரமாட்டாள். கல்லாவில் நிற்கிற பெண்ணோடு பேச்சு, காய் அடுக்குகிறவனோடு பேச்சு. பெண்கள் பேசத் தொடங்கினால் விஷயம் இருக்காது, நேரம் மட்டும் போகும். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை பாருங்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கே விட்டேன்? ஆம், பேருந்து.

நான் கோவை மத்திய சிறையில் இருந்தவன் ஐயா. அங்கேகூட மாலையில் பேச ஆள் உண்டு. இந்த ஹார்ட்வெல் நகரத்தில் மகள் வீட்டுக்கு வந்து இறங்கினேன், முதல் குளிர்காலம் முழுக்க என்னோடு பேசியது பாத்திரம் கழுவுகிற இயந்திரம் ஒன்றுதான். மகளும் மருமகனும் ஆளுக்கொரு காரில் காலையில் போய்விடுவார்கள். சன்னலுக்கு வெளியே தெரு இருக்கும், தெருவில் மனிதன் இருக்கமாட்டான். உங்களுக்கும் அப்படித்தானா? தலையாட்டுகிறீர்களே. எத்தனை மாதம்? பாவம்.

பிறகுதான் இந்த ஒன்பதாம் எண்ணைக் கண்டுபிடித்தேன். நகராட்சியே ஓட்டுகிற சின்னப் பேருந்து. இதில் ஏறினால் நூலகம். அங்கே செய்தித்தாள், கழிப்பறை, சூடு, எல்லாம் இலவசம். கிட்டத்தட்ட சோசலிசம். ஓட்டுநர் பெயர் வீராசாமி. துள்ளாதீர்கள், கயானாக்காரர், ஒரு சொல் தமிழ் தெரியாது. முப்பாட்டன் கரும்பு வெட்டக் கப்பலேறினாராம். பெயர் மட்டும் மிச்சம். என் மனைவி தெய்வானையும் இதே பேருந்தில்தான் போவாள். முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில் சமோசா மடித்துக் குளிர்பெட்டியில் வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே வேலை. வேலை என்றால் என்ன, பொழுதுபோக்குதான். விடியலில் போய்ப் பிற்பகலில் வருவாள். திரும்பி வரும் பேருந்தில் நான் முன்னால் உட்காருவேன். அவள் பின்னால் பெண்களோடு. அறை துடைக்கிறவர்கள், கிழவிகளைக் குளிப்பாட்டுகிறவர்கள், எந்தெந்த நாட்டுக்காரிகளோ. ஆளுக்கொரு மொழி. எப்படித்தான் சிரிப்பு மட்டும் ஒன்றாக வருமோ தெரியாது.

போன மாசி மாதம் அந்தப் பேருந்துக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒன்பதாம் எண் நிறுத்தப்படும். அதற்குப் பதிலாகக் கைபேசியில் அழைத்தால் ஒரு வேன் வருமாம், தனியார் வேன். வந்தால் வரும். எனக்குக் கைபேசியில் பேச வரும், அழைக்க வராது. பேருந்து போனால் மறுபடியும் அந்த சன்னல், அந்த இயந்திரம். ஆனால் நான் என்னைப் பற்றியா நினைத்தேன்? கிடையாது. உழைக்கும் மக்களைப் பற்றி நினைத்தேன். என்னைப் பற்றி நினைத்தது அதற்கு அடுத்தபடி.

வெண்மணியிடம் சொன்னேன். “நகர மன்றக் கூட்டத்துக்குப் போங்கப்பா. யார் வேணா பேசலாம், ஆளுக்கு மூணு நிமிஷம்” என்றாள்.

யார் வேண்டுமானாலும்! போலீஸ் அனுமதி வேண்டாம், மைக் வாடகை வேண்டாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டை இவ்வளவு நாள் தவறாக எடை போட்டுவிட்டேனோ என்று தோன்றியது.

முன்கூட்டியே போய்விட்டேன். மேடையிலிருப்பவர்களுக்கு முன்னால் பெயர்ப்பலகை இருந்தது. மற்றவர்களிடம் நேரில் போய்ப் பெயர் கேட்டுக்கொண்டேன். ஏனென்றால் விளிப்பு முக்கியம் ஐயா. உங்களுக்குத் தெரியாததா? ஒருமுறை மடத்துக்குளத்தில் ஆலை வாயிற்கூட்டம். கிளைச் செயலாளர் ஒருவர் பெயரை விட்டுவிட்டேன். மறதிதான், வேறொன்றுமில்லை. மனிதர் எழுந்து போனார். மறுநாள் அவரோடு நூல் சுற்றும் பிரிவே சங்கத்தைவிட்டுப் போய்விட்டது. பெயரை விட்டால் ஆளை விட்டதாக அர்த்தம். அன்றிலிருந்து இன்றுவரை சூலக்கல் குமரேசன் மேடையில் ஒரு பெயரையும் விட்டதில்லை.

ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. என் ஆங்கிலம் துண்டறிக்கை ஆங்கிலம், ஆனால் கணீரென்று இருக்கும். தொடங்கினேன். “இந்த மாபெரும் கூட்டத்திற்குத் தலைமை தாங்கி நடத்திக்கொண்டிருக்கின்ற மன்றத் தலைவர், மரியாதைக்குரிய ஒர்னெட் பிரைஸ் அம்மையார் அவர்களே! முன்னிலை வகிக்கின்ற, அமைதியே உருவான கவுன்சிலர் அந்தோணி டிமார்கோ அவர்களே! கொள்கையால் மாறுபட்டு நின்றாலும் குஜராத் மண்ணின் மைந்தராக வீற்றிருக்கின்ற கவுன்சிலர் ஹஸ்முக் ஷா அவர்களே!” இந்த ஷாதான் பேருந்தை நிறுத்தத் தீர்மானம் கொண்டு வந்தவர். எதிரியை விட்டுவிடலாமா? கூடாது. எதிரிக்குத்தான் அடைமொழி கூடுதலாகப் போடவேண்டும். பிறகு குறிப்பெடுக்கிற அம்மா அவர்களே, ஒளிப்பதிவு செய்கிற தம்பி அவர்களே, வாயிற்காவல் புரிகின்ற காவலர் ருட்கோவ்ஸ்கி அவர்களே, வரிசையில் எனக்கு முன்னால் நாய்ப் பூங்கா பற்றிச் சிறப்பாக உரையாற்றிவிட்டு அமர்ந்திருக்கின்ற பெரியவர் அவர்களே, எனக்குப் பின்னால் உரையாற்றக் காத்திருக்கின்ற...

சிவப்பு விளக்கு. “நன்றி, மிஸ்டர் குமரேசன்” என்றார் தலைவர் அம்மையார்.

நன்றியா? நான் இன்னும் தாய்மார்களுக்கே வரவில்லை!

வீட்டுக்கு வந்தால் வெண்மணி தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். கூட்டத்தைக் கணினியில் நேரலையாகக் காட்டுவார்களாம், பார்த்திருக்கிறாள். தெய்வானை சிரிக்கவில்லை. தோசை ஊற்றிக்கொண்டே, “ஏனுங்க, அத்தனை பேர்த்தையும் கூப்புட்டீங்க. எதுக்குக் கூப்புட்டீங்கன்னு சொல்லாமயே வந்துட்டீங்களே” என்றாள்.

“அது தொடக்கம். அடுத்த கூட்டத்தில் தொடருவேன்” என்றேன்.

அடுத்த கூட்டத்தில் வேகமாகப் பேசினேன். ஆனால் அன்றைக்கு ஆட்கள் கூடுதல். தீயணைப்புப் படையிலிருந்து இரண்டு பேர், பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர். சிவப்பு விளக்கு. அதற்கடுத்த கூட்டத்தில் காவலர் ருட்கோவ்ஸ்கி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் பெயர் வரும்போது விறைப்பாக நின்றார். பாருங்கள், அரசு இயந்திரத்தின் ஓர் உறுப்பே நம் பக்கம் வந்துவிட்டது! டிமார்கோ என்கிற அந்த அமைதியான மனிதர் அடைமொழிக்காகக் காத்திருந்து, வந்ததும் கண்ணை மூடித் தலையசைத்தார். கூட்டத்துக்கு எப்போதும் வராத கணக்குத்துறை அம்மா ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, “என் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்றால்” என்று என்னிடமே சொல்லிக் கொடுத்தார். எல்லாம் எழுச்சியின் அறிகுறி. பேருந்து என்கிற சொல்லுக்கு மட்டும் நான் இன்னும் வந்து சேரவில்லை.

அன்று ஷா என்னை வாசலில் நிறுத்தினார். “அங்கிள், விஷயத்துக்கு வாங்க அங்கிள். மூணு நிமிஷம்தான்.”

“நான் உங்களுக்கு மாமா இல்லை. நீங்கள் முதலாளித்துவப் பிரதிநிதி.”

“எனக்கு ரெண்டு டோனட் கடைதான் அங்கிள் இருக்கு.” பிறகு சிரித்துக்கொண்டே ஓர் ஊசியைச் செருகினார். “உங்க வீட்டு வாசல்ல ரெண்டு கார் நிக்குது. உங்களுக்கு எதுக்கு பஸ்? உண்மையிலேயே பஸ் வேணும்கிறவங்க யாரும் இங்க வரக் காணோமே?”

சுருக்கென்று குத்தியது. பதில் சொல்லாமல் வந்தேனா? சொன்னேன். மறுநாள் பேருந்தில் ஏறியபிறகு சொன்னேன். ஓட்டுநர் வீராசாமியிடம் முழுவதும் சொன்னேன். அவர் “யா மேன், யா மேன்” என்றார். பின்னாலிருந்த தெய்வானை எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் உட்காரமாட்டாள்.

“அந்த ஷா என்ன சொன்னாருங்க? மறுபடி சொல்லுங்க” என்றாள். சொன்னேன். “அங்க யாரு வேணாலும் பேசலாமுங்களா?” என்றாள். ஆம் என்றேன். “வாடகை வீட்டுல இருக்கறவங்க? இங்கிலீசு வராதவங்க?” ஆம், ஆம், எல்லோரும். “ஆளுக்கு மூணு நிமிசங்களா, எல்லாத்துக்கும் சேர்த்து மூணு நிமிசங்களா?” ஆளுக்கு என்றேன். ஜனநாயகத்தின் அடிப்படையைக்கூட ஒன்றொன்றாக விளக்க வேண்டியிருக்கிறது. கேட்டுக்கொண்டு பின்னால் போனாள். உடனே அங்கே சிரிப்பும் பேச்சும். ஒருத்தி ஸ்பானிஷ், ஒருத்தி ஏதோ பிரெஞ்சு மாதிரி, இவள் கொங்குத் தமிழ். பேருந்தே போகப் போகிறது, இவர்களுக்குச் சிரிப்பு!

அதன்பிறகு ஒரு மாதம் வீட்டில் எனக்கு ஆதரவே இல்லை ஐயா, உள்ளதைச் சொல்கிறேன். எப்போது பார்த்தாலும் தெய்வானை கைபேசியோடு இருப்பாள். “மாரிசோல், யூ கம்? வியாழக்கிழமை, தர்ஸ்டே, ஓகே?” என்று கத்துவாள். யார் வீட்டிலோ ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். கடைசிக் கூட்டம், வாக்கெடுப்பு நடக்கப் போகிற கூட்டம், அன்றைக்குப் பார்த்து என் சட்டைக்குக் கஞ்சி போடவில்லை. கேட்டால், ஒரு குண்டான் நிறைய எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டே, “வேலை முடிஞ்சு பசியோட வருவாங்கல்லங்க” என்றாள். யார் வருவார்கள்? எதற்கு? கேட்க எனக்கு நேரமில்லை. எனக்கு அன்றைய அடைமொழிகள் இருந்தன.

மன்றத்துக்குப் போனேன். நம்பமாட்டீர்கள். மண்டபம் நிரம்பி வழிகிறது! சீருடை போட்ட பெண்கள், தலையில் வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாத பெண்கள், சுவரோரம் எல்லாம் நிற்கிறார்கள். என் பெயர் ஊருக்குள் அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. மடத்துக்குளத்துக்குப் பிறகு அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்க்கவில்லை.

அன்று பேசினேன் பாருங்கள், அதுதான் பேச்சு. ஒருவரை விடவில்லை. தலைவர் அம்மையார், டிமார்கோ, ஷா, குறிப்பெடுக்கிற அம்மா, ஒளிப்பதிவுத் தம்பி, காவலர் ருட்கோவ்ஸ்கி, கணக்குத்துறை அம்மா சரியான உச்சரிப்போடு, எல்லோரும். கைதட்டல். “மற்றும் இங்கே திரண்டிருக்கின்ற தாய்மார்களே!” என்றேன். முதல்முறையாகத் தாய்மார்களை எட்டிப் பிடித்துவிட்டேன்! உடனே சிவப்பு.

உட்கார்ந்தேன். சரி, இனி வாக்கெடுப்பு என்று நினைத்தால், சுவரோரம் நின்ற ஒருத்தி ஒலிபெருக்கிக்குப் போனாள். “என் பெயர் மாரிசோல். ஒன்பதாம் எண்ணில் போகிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் ஷா ஐயாவின் அம்மாவுக்குத் தேநீரில் காக்ரா ரொட்டியை நனைத்துக் கொடுப்பது நான்தான். பேருந்து நின்றுவிட்டால் நான் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அவருக்குக் காத்திருப்பது பிடிக்காது. அவ்வளவுதான்.” போய்விட்டாள். மூன்று நிமிடத்தில் முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது! எவ்வளவு வீண்! அடுத்தவள், ஹைட்டி நாட்டுக்காரி, கீஸ்லேன். “நான் மருத்துவமனையில் படுக்கை மாற்றுகிறேன். ஒன்பதாம் எண்.” போய்விட்டாள். அடுத்தவள், அடுத்தவள். பெயர், வேலை, ஒன்பதாம் எண். விளிப்பு இல்லை, அடைமொழி இல்லை, முத்தாய்ப்பு இல்லை. நான் போட்ட அடித்தளம் இருந்ததால் தப்பித்தார்கள்.

கடைசியில் எழுந்தது யார் தெரியுமா? தெய்வானை.

இவள் மேடையேறியதே இல்லை. நான் கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசிய நாளெல்லாம் மாட்டையும் மகளையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள். அவளுடைய ஆங்கிலத்தில் வினைச்சொல் குறைவு, தமிழில் சொன்னால் இப்படி வரும். “எங்க வீட்டுக்காரர் இங்க வந்து எல்லாத்தையும் பேர் சொல்லிக் கூப்புட்டாருங்க. எம் பேரு மட்டும் விட்டுப் போச்சு. அதனால நானே சொல்லீர்றேன். எம் பேரு தெய்வானை. ஒம்பதாம் நம்பர். அவர் கூப்புட்டாரு, நாங்க வந்துட்டோம்.”

மண்டபமே எழுந்து நின்று கைதட்டுகிறது. தலைவர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். ருட்கோவ்ஸ்கி விசிலடிக்கிறார், காவலர்! நான் பக்கத்திலிருந்த கணக்குத்துறை அம்மாவிடம் விளக்கினேன். குடும்பத்தாரை மேடையில் விளிப்பது எங்கள் மரபில் இல்லை, அதனால் அது விடுபட்ட கணக்கில் சேராது என்று. அந்த அம்மா என் முழங்கையில் மெதுவாகத் தட்டிக் கொடுத்தார்.

வாக்கெடுப்பு. ஷா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு கை தூக்கினார், பேருந்து ஓடட்டும் என்று! தீர்மானம் கொண்டுவந்தவரே! அதுதான் ஐயா என் பேச்சின் தன்மை. உடனே தெரியாது. உள்ளே இறங்கிக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் வேலை செய்யும். வெளியே வந்ததும் அவர் நேராக மாரிசோலிடம் போய், “அம்மாவுக்கு சர்க்கரை போடறீங்களா?” என்றார். “கேட்டால் போடுவேன்” என்றாள். “போடாதீங்க” என்றார். பிறகு தெய்வானையிடம் வந்து எலுமிச்சைச் சாதம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. தொகுதியே சாப்பிடுகிற அளவுக்குக் கிளறியிருந்தாள். வெற்றிவிழாவுக்கு முன்கூட்டியே சமைத்திருக்கிறாள் பாருங்கள், என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பெண்கள் எல்லோரும் நடுவில். இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது. கஞ்சி போடாத சட்டை, அதனால்தான் சுருக்கம். வெட்டி வைத்திருக்கிறேன், அடுத்த தடவை காட்டுகிறேன்.

அதற்குப் பிறகு நகராட்சியில் பேருந்து ஆலோசனைக் குழு என்று ஒன்று போட்டு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். எனக்கு வரவேண்டியது. ஏதோ குழப்பத்தில் தெய்வானை பெயருக்கு வந்துவிட்டது. நான் திருத்தச் சொல்லவில்லை. பதவியெல்லாம் பார்த்து வெறுத்தவன். மாதம் ஒருமுறை அவள்தான் போகிறாள், நான் வீட்டிலிருந்து வழிகாட்டுகிறேன். தோசை ஊற்றவும் கற்றுக்கொண்டேன், அந்த ஒரு நாளைக்கு. வட்டம் வரவில்லை. வெண்மணி அதை இலங்கை என்கிறாள், ஆனால் தின்கிறாள்.

இதோ வந்துவிட்டது! பார்த்தீர்களா, சொன்னேனே. பையை எடுத்துக்கொள்ளுங்கள். படி கொஞ்சம் உயரம், பார்த்து ஏறுங்கள். ஜவுளிக்கடைப் பையை மடியில் வையுங்கள், மேலே வைத்தால் மறந்துவிடுவீர்கள். குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் வீராசாமி அவர்களே! போகலாமே. என்ன, கிளம்பவில்லை? எங்கே மிஸ் டேவா என்றா கேட்கிறீர்கள்? தெய்வானை கடையில் இருக்கிறாள். வருவாள், நேரமாகும், நீங்கள் எடுங்கள்.

எடுக்கமாட்டேன் என்கிறார் ஐயா. பின்னால் திரும்பிப் பாருங்கள், அந்தப் பெண்கள் எல்லோரும் என்னையே முறைக்கிறார்கள். அவள் வராமல் வண்டி நகராதாம். பார்த்தீர்களா கட்டுப்பாட்டை? ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டுப் போகக்கூடாது. இதைத்தான் நான் அமைப்பு என்று சொல்வது. ஒரு துண்டறிக்கைகூட அடிக்காமல் உண்டாக்கியிருக்கிறேன்.

அதோ சாலையைக் கடக்கிறாள். கொத்தமல்லிக் கட்டைப் பார்த்தால் ஊருக்கே வாங்கியது போல இருக்கிறது. வா, வா, மெதுவாக வா, நிற்கிறார்கள். தெய்வானை, இவர் நமக்குப் புதுத் தோழர். மன்னார்குடி. வங்கியில் மேலாளராக இருந்தவர், ஆனாலும் நல்லவர். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். இவ்வளவு நேரமும் மனம் விட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். என்ன?

அவர் பேரா?

அதைத்தான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நீ வந்துவிட்டாய். சொல்லுங்கள் ஐயா, தெய்வானை கேட்கிறாள். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும், கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.